கடலை நுழையாத வீடு

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து வந்த உமா அப்பா வீட்டுக்குள் நுழையவில்லை. கதவைத் தட்டிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியிலேயே நின்றார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். சான்பாடா ஸ்டேஷன் வாசலில் மணல் போட்டு வறுக்கிறவனிடம் வாங்கியிருக்கிறார். சூடு ஆறவில்லை. அவர் வெளியே நிற்க, வறுத்த கடலை வாசனை மட்டும் யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிட்டது.

“அவதான் இல்லல்லா” என்றார், அசடு வழிய.

சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அலுப்பாக இருந்தது. உமா புனேவுக்கு வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. அவள் பச்சைப்பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு இந்த மனுஷன் கடலையோடு எங்கள் வீட்டு வாசல்படியை மிதித்ததில்லை. “அங்கன மாடிப்படியில இருந்து தின்னுட்டு வாங்க. வந்ததும் மொதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் பேச்சே இல்லை என்று தெரிந்தது. உங்கள் பேச்சு அக்கா அது. தாராவியில் உங்கள் வீட்டுக்காரரைத் தினமும் பட்டறைக்கே திருப்பி அனுப்பிய அதே பேச்சு.

அவர் படியில் உட்கார்ந்து தோட்டை உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு என்ன சமைப்பது என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதில்லை. பால் ஊற்றலாம், முட்டை உடைக்கலாம், நல்லெண்ணெய் தாளிக்கலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் தேங்காய் எண்ணெய்க்குத்தான் கை போகிறது. பாக்கெட்டை வாங்கினால் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் கூடையில் போட முடிவதில்லை. கண் மங்கிவிட்டது, மூட்டு வலிக்கிறது, படிக்கவேண்டிய தேவையும் இல்லை. இருந்தும் கடைக்குள் வெளிச்சம் பார்த்து நின்று படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு வருகிற முதல் நோன்பு மாதம் இது. இங்கே நாலாவது மாடியில் யாரும் கஞ்சி கொண்டுவருவதில்லை.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது. புனேவில் உமா இரண்டு பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். அதில் ஒருத்தி நஸ்ரீன், சோலாப்பூர்க்காரி. சோலாப்பூர் என்றாலே கடலைச் சட்னிதானே. அவள் அம்மா ஒரு பெரிய டப்பா நிறைய இடித்துக் கொடுத்துவிட்டிருக்கிறாளாம். பொடியாக இருக்கும், மூடியைத் திறந்தால் பறக்கும். அதைச் சமையல் மேடைக்கு மேலே, உமா உப்பு வைக்கிற தட்டிலேயே வைத்திருக்கிறாள். உமாவே சிரித்துக்கொண்டு போனில் சொன்னாள்.

“அவகிட்ட சொன்னியா?” என்று கேட்டேன்.

“சொல்லிட்டேன் மா. நீ டென்ஷன் எடுக்காத.”

“ஒங் கரண்டிய அவ எடுத்தா?”

“அம்மா, போதும். எவ்வளவு நாள் நீ என் பின்னாடியே வருவ?”

நல்ல கேள்விதான். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நாம் எதிரெதிர் அறைகளில் இருந்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. உங்கள் வீட்டில் கடுகு வெடித்தால் என் வீட்டில் தும்மல் வரும். நீங்கள் எனக்கு முன்னாலேயே பம்பாய்க்கு வாழ வந்தவர்கள். ஆற்றுக்கு அந்தக் கரை உங்கள் ஊர், இந்தக் கரை எங்கள் ஊர் என்று முதல் நாளே கணக்குப் போட்டு, “அப்ப நீ நம்ம புள்ள” என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்குத் தோல் பை தைக்கிற பட்டறை. உமா அப்பா அப்போது அங்கே இங்கே மாறி மாறி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. உங்களுக்கோ காய்கறிக்காரனைத் திட்டுகிற அளவுக்கு இந்தி. அதனால் ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் எனக்கு வாய்.

உமாவுக்குப் பால் மறக்கடித்த நாளிலிருந்து உடம்பெல்லாம் தடிப்பு. ஒருநாள் முட்டை ஊட்டினேன், கண் மூடிக்கொள்கிற அளவுக்கு முகம் வீங்கியது. நீங்கள் பர்தாவைப் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, “ஏளா, வா” என்று முன்னால் நடந்தீர்கள். சுனாபட்டி ஸ்டேஷன் பக்கம் ஒரு குழந்தை டாக்டர். வடக்கத்திக்காரர், பேச்சு வேகமாக இருக்கும். ரத்தம் எடுத்தார்கள், முதுகில் புள்ளி புள்ளியாகக் குத்திப் பார்த்தார்கள். கடைசியில் அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். நீங்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் எனக்குச் சொன்னீர்கள். பால் கூடாது. முட்டை கூடாது. முந்திரி கூடாது. எள் கூடாது.

அப்புறம் அவர் குரலை உயர்த்தி, “மூங்ஃபலி ஏக்தம் பந்த்” என்றார்.

நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்தீர்கள். அந்த முகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “மூங்குன்னா பாசிப்பயறு. ஃபலின்னா காய். பாசிப்பயறு, அது காயா இருந்தாலும் சரி, பருப்பா இருந்தாலும் சரி, ஒண்ணும் கூடாதாம் புள்ள” என்றீர்கள்.

எவ்வளவு நியாயமான தமிழ். யார் அதில் குற்றம் காண முடியும்? சந்தையில் நீங்கள் கற்ற இந்தியில் மூங் என்றால் பாசிப்பயறுதான். நிலக்கடலைக்கு அங்கே சேங்தாணா என்று பேர். கடையில், ரயிலில், எங்கேயும் நாம் கேட்டது அந்தப் பேர்தான். அதற்கு மூங்ஃபலி என்று இன்னொரு பேர் இருக்குமென்று நமக்கு யார் சொன்னார்கள்?

அன்றைக்கே என் வீட்டுப் பாசிப்பருப்பு டப்பாவை உங்களிடம் தூக்கிக் கொடுத்தேன். பொங்கல் நின்றது. பாயசம் நின்றது. அப்பளத்தில்கூட மூங் இருக்கிறதா என்று நீங்கள் கடைக்காரனைக் குறுக்கு விசாரணை செய்தீர்கள். பிள்ளைக்குத் தடிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் முழுசாகப் போகவில்லை. திடீரென்று உதடு தடிக்கும், மூச்சு கொஞ்சம் இழுக்கும், மருந்து கொடுத்தால் அடங்கும். “எங்கயோ பயறு ஒளிஞ்சு கெடக்கு” என்று நாம் இரண்டு பேரும் வீடு முழுக்கத் தேடினோம். தேடிவிட்டுப் பிள்ளைக்குத் தோசையும் வறுத்த நிலக்கடலை அரைத்த சட்னியும் ஊட்டினேன்.

அந்த வருஷத்து நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம் நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிவாசலிலிருந்து உங்கள் வீட்டுக்குத் தூக்கில் கஞ்சி வந்திருந்தது. உங்கள் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் உமாவும் போய் உட்கார்ந்திருக்கிறாள். பெரிய பிள்ளை தன் கிண்ணத்திலிருந்து அவளுக்கும் ஊட்டிவிட்டது. நீங்கள் செருப்பில்லாமல் குழாயடிக்கு ஓடிவந்தீர்கள்.

“ஏளா, பிள்ள கஞ்சியக் குடிச்சிட்டா. அதுல பாசிப்பருப்பு கெடக்கு.”

குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். உமாவை நடுவில் உட்காரவைத்து, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சட்டையைத் தூக்கித் தூக்கி வயிற்றைப் பார்த்தீர்கள். பாங்கு சொன்னார்கள். எல்லா வீட்டிலும் நோன்பு திறந்தார்கள். நீங்கள் எடுத்த பேரீச்சம்பழம் கையிலேயே இருந்தது. “நீங்க தின்னுங்கக்கா” என்றேன். “இவ மொகத்தப் பாத்துட்டுத் தின்னுக்கிடுதேன்” என்றீர்கள். உமா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடிப்புகூட இல்லை. மறுநாள் காலையில் தோசை ஊட்டியதும் உதடு தடித்தது.

நீங்கள் என் வாசலில் நின்று, தட்டில் மிச்சமிருந்த சட்னியைப் பார்த்தீர்கள். என் கடலை டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். பிறகு நீங்களே சொன்னது இது. சயான் ஸ்டேஷன் பாலத்தில் கடலைக் கூடை வைத்திருந்த வடக்கத்திப் பையாவிடம் போய்க் கையை விரித்துக் காட்டி, “சேங்தாணா இல்ல. ஒங்க ஊர்ப்பக்கம் இத என்னன்னு சொல்லுவிய?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் உங்களைப் பைத்தியமா என்று பார்த்துவிட்டுச் சொன்னானாம், “மூங்ஃபலி.”

திரும்பி வந்தபோது உங்கள் முகம் வெளுத்திருந்தது. “என் வாயால வந்துது புள்ள” என்று மட்டும் சொன்னீர்கள். டாக்டரிடம் மறுபடி போனோம். அவர் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “மூங் அலக் ஹை, மூங்ஃபலி அலக் ஹை”, அது வேறு, இது வேறு என்று மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிறமாதிரி சொன்னார். அவசரத்துக்கு என்ன செய்ய வேண்டும், எந்த மருந்தை எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். பொட்டுக்கடலை, கடலைமாவு எல்லாம் வேறு, அதெல்லாம் இவளுக்கு ஆகும் என்றும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால், உமா அப்பா, “எல்லாத்துக்கும் கடலைன்னுதான பேரு வச்சிருக்கு” என்று குழம்பினார். நியாயம்தான். நம் ஆட்கள் பேர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வந்தது. அன்றைக்கு ஒரு பொழுது முழுக்க உங்கள் வாசல் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் நீங்கள் என் பழைய பருப்பு டப்பாவை அப்படியே கொண்டுவந்து வைத்தீர்கள். “இது பாவம், ஒண்ணும் செய்யல. நான்தான் இதப் பிடிச்சு உள்ள போட்டேன்” என்றீர்கள். உமா அப்பா அதைக் கேட்டுச் சிரித்து, ஜாமீன் பருப்பு என்று பேர் வைத்தார். இன்றுவரை எங்கள் வீட்டில் பாசிப்பருப்புக்கு அதுதான் பேர். உமாவின் பள்ளிக்கூட சிநேகிதிகள்கூட அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் சிரிப்போடு விட்டுவிடவில்லை. உங்கள் வீட்டுக் கடலையை எல்லாம் அள்ளிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, உங்கள் வீட்டில் அது இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். “அவ எங்க வீட்டுலயும்தான வளருதா” என்றீர்கள். அவித்த கடலை என்றால் உயிரை விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஊர்க்கதை பேச உட்கார்ந்தால், ஒரு கிண்ணம் கடலை முடிகிறவரை எழுந்திருக்கமாட்டீர்கள். அதற்கப்புறம் வெறும் டீயோடு கதை பேசினோம். உங்கள் வீட்டுக்காரர் பாவம், பட்டறையில் தின்று, கையைக் கழுவி, உங்கள் மூக்குக்குச் சோதனை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

அதிலிருந்து நாம் இரண்டு பேரும் சமையலைப் புதிதாகக் கற்றோம். இப்போது கணினியில் தட்டினால் ஆயிரம் வழி சொல்கிறார்கள் என்று உமா சொல்கிறாள். நமக்கு அப்போது இரண்டு அடுப்பும் ஒரு சந்தும்தான் இருந்தது. எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய் மட்டும். இட்லிப் பொடியில் எள்ளை எடுத்துவிட்டுப் பொட்டுக்கடலையும் கறிவேப்பிலையும் கூட்டினோம். மோர் இல்லாத குறைக்கு, சந்துமுனையில் இருந்த மால்வண்காரம்மாவிடம் கேட்டு, தேங்காய்ப்பாலில் கோக்கம் புளியைக் கரைத்து சோல்கடி என்று ஒன்று செய்தோம். பால் குடிக்காத பிள்ளைக்கு எலும்பு எப்படி உறுதிப்படும் என்று நான் அழுதபோது, கேழ்வரகும் முருங்கைக்கீரையும் போதுமா என்று டாக்டரிடமே கேட்டீர்கள். முள்ளோடு தின்கிற சின்ன மீனும் கொடுங்கள் என்றார் அவர். நம் நெத்திலி இங்கே கிடைக்காது, மாந்தேலிதான். அதை வாங்கி வந்து ஆய்ந்து, மஞ்சளும் மிளகாயும் போட்டு மொறுமொறுவென்று நீங்கள் பொரிப்பீர்கள். உமா முள்ளைத் துப்பாமல் தின்னப் பழகியது உங்கள் மடியில்தான்.

அப்போது நான் உமாவுக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டி என்று சமைப்பேன். இரண்டு குழம்பு, இரண்டு பொரியல், இரண்டு கரண்டி. பிளவுஸ் தைக்கிற வேலையும் இருந்தது. ராத்திரி ஆனால் இடுப்பு நிற்காது. பிள்ளையும் எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடும், வயிறு நிறையாது. நீங்கள் அதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சொன்னீர்கள்.

“ஒருத்திக்குன்னு தனியா ஆக்குனா அது பத்தியம் புள்ள. அதையே எல்லாருக்கும் ஆக்குனா சாப்பாடு.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டி. அவளுக்கு ஆவதுதான் எங்களுக்கும். உமா அப்பா கொஞ்ச நாள் தயிர் தயிர் என்று முனகினார். பிறகு டீக்கடையில் லஸ்ஸி குடித்துச் சமாதானம் ஆனார். உங்கள் வீட்டிலும் பெருநாள் பிரியாணிக்குத் தயிரும் நெய்யும் முந்திரியும் போடாமல், தக்காளியும் தேங்காய்ப்பாலும் விட்டு தம் போட்டீர்கள். உங்கள் நாத்தனார், “இது என்ன பிரியாணி, சோறு கறியோட சண்ட போட்டுக்கிட்டு நிக்கி” என்றாள். “சண்ட போட்டாலும் எங்க பிள்ள தின்னுமே” என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தீர்கள்.

செம்பூரில் எங்கள் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு உங்களையும் அழைத்துப் போயிருந்தேன். பந்தியில் உமாவுக்கு நான் வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்தேன். பக்கத்து இலையில் இருந்த வயசான அம்மா ஒருத்தி, “ஒரு சொட்டு நெய் ஊத்துனா பிள்ள செத்தா போவும்? நீங்கதான் பழக்கி வச்சிருக்கிய” என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை பேருக்குத்தான் சொல்வது? சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போயிருந்த காலம் அது. நீங்கள் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் இலையை அப்படியே மூடிவிட்டு உமா பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, “எனக்கும் ஒன் டப்பாதான் வேணும், தருவியா?” என்று அவளிடம் கேட்டீர்கள். வடை, பாயசம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரே டப்பாவில் எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்றீர்கள். உமாவுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நான் பிறகு பார்த்ததில்லை.

பிறகு நாங்கள் சான்பாடாவுக்கு வந்தோம். உமா அப்பாவுக்கு வாஷி மார்க்கெட்டில் நிலையான வேலை கிடைத்தது. நீங்கள் அங்கேயே இருந்துவிட்டீர்கள். ஆனால் நோன்பு மாதத்தில் உங்கள் தூக்கு ரயில் ஏறி எங்கள் வீட்டுக்கு வரும். பெண்கள் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு வருவீர்கள். கையில் கடலை வைத்திருக்கிற யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து நின்றுவிடுவீர்களாம். அதை நீங்கள் சொல்லவில்லை, கூட வந்த உங்கள் மகள் சொன்னாள்.

கடைசியாக உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்த மத்தியானம். வயிற்றில் வந்த நோய் உங்களைச் சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருக்கியிருந்தது. எது கொடுத்தாலும் வேண்டாம் என்கிறீர்கள் என்று உங்கள் மகள் வெளியே நின்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், “அவிச்ச கடல கேக்குது புள்ள நாக்கு” என்றீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் அந்தப் பேரை எடுத்து நான் கேட்டதே இல்லை.

“நாளைக்கே கொண்டாரேன்க்கா.”

“எங்க வச்சு அவிப்ப? ஒங்க அடுப்புலயா?”

“அவிச்சதையே வாங்கியாரேன்.”

“நீதான உரிச்சுத் தருவ. அந்தக் கையோட ரயிலேறி வீட்டுக்குப் போவ. பிள்ள வந்து கையப் பிடிப்பா.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டீர்கள். “வேண்டாம். நாக்குதான கேக்குது, வயிறா கேக்குது?”

கையைக் கழுவினால் போதும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எத்தனையோ தடவை டாக்டர் சொன்னதுதான். ஆனால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் மகளிடம் சொல்லி வாங்கித் தரச் சொன்னேன். அதற்குள் விழுங்க முடியாத நிலை வந்துவிட்டது. அடுத்த வாரம் நீங்கள் இல்லை. அந்த ஒரு கிண்ணம் கடலை எனக்குள்ளேயே ஆறிப்போய்க் கிடக்கிறது, அக்கா. மையத்து வீட்டில் உமா உங்கள் மகளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தபோதும் எனக்கு நினைவு வந்தது அதுதான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நேற்று விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். படியில் உமா அப்பா இன்னும் உடைத்துக்கொண்டிருந்தார். அப்போது உமா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் முகத்துக்குப் பின்னால் சமையல் மேடை தெரிந்தது. எனக்குக் கண் நேராக மேல்தட்டுக்குத்தான் போயிற்று.

“அம்மா, நஸ்ரீன் நோன்பு வச்சிருக்கால்ல” என்றாள். “டெய்லி வெறும் வாழப்பழமும் பாவ் ரொட்டியும் தின்னுதான் நோன்பு தொறக்குறா. அதான் இன்னைக்குப் பெரியம்மா கஞ்சி காய்ச்சினேன்.” உங்களைத்தான் அவள் பெரியம்மா என்பாள்.

“பருப்பு போட்டியா?”

“ஜாமீன் பருப்பு இல்லாமயா? வெந்தயம், பூண்டு, தேங்காப்பால், எல்லாம் போட்டேன்.”

“ஒனக்குத் தனியா எடுத்து வச்சிட்டுத்தான அவளுக ரெண்டு பேருக்கும் குடுத்த?”

“எதுக்குத் தனியா? நான் ஆக்குனதுதான எல்லாருக்கும். ஒரே பாத்திரம்.” ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அது யார் சொன்ன பேச்சு என்று அவளுக்குத் தெரியாது. அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், இந்த மடலையும் படிக்கப் போவதில்லை. அவளுக்கு அது சாப்பிட்டே வந்த பாடம்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. “அந்த டப்பா எங்க?”

உமா திரும்பித் தட்டைப் பார்த்தாள். “அது போயிடுச்சு மா. நான் ஒண்ணுமே சொல்லல. நேத்து அவளே எடுத்து வாட்ச்மேன் வீட்டுக்குக் குடுத்துட்டா. அது இல்லாம அவளுக்குச் சாப்பாடே இறங்காது தெரியுமா? அவங்க அம்மா இடிச்சு அனுப்புனது. ஏன் குடுத்தன்னு கேட்டா, ‘நீயும் இதே வீட்டுலதான சாப்பிடுற’ங்கறா.”

தோளில் எத்தனையோ வருஷமாக இருந்த ஒன்றை யாரோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அழுகையும் வந்தது, அலுப்பும் வந்தது. எப்போதும் எவளாவது ஒருத்தி எங்கள் பிள்ளைக்காகத் தன் வாயைக் கட்டவேண்டியிருக்கிறது.

“போன அவகிட்ட குடு” என்றேன்.

தலையில் துப்பட்டாவோடு ஒரு ஒல்லிப் பெண் வந்தாள். “சலாம், ஆன்ட்டி” என்று சிரித்தாள். என் இந்தி உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு அது இன்னும் மோசம். இருந்தாலும் சொன்னேன். லீவு கிடைக்கிறபோது ஒருநாள் இங்கே வா, உமா இல்லாமல் தனியாக வா, வயிறு நிறைய அவித்துத் தருகிறேன் என்று.

“க்யா, ஆன்ட்டி?” என்றாள், எதை என்று புரியாமல்.

சேங்தாணா என்று சொல்லியிருந்தால் சோலாப்பூர்க்காரிக்கு உடனே விளங்கியிருக்கும். எனக்கு அந்த இன்னொரு வார்த்தைதான் வந்தது. இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவைகூட என் வாயால் சொன்னதில்லை.

“மூங்ஃபலி” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வருகிறேன், கண்டிப்பாக வருகிறேன் என்று தலையை ஆட்டினாள். போனை வைத்துவிட்டு வெளியே போய், உமா அப்பாவிடம், எந்தக் கடையில் பச்சைக் கடலை கிடைக்கும் என்று கேட்டேன். அவிக்கப் புதுச்சட்டி ஒன்றும் வாங்க வேண்டும், அது வெளியிலேயே இருக்கட்டும். அவர் கையில் இருந்த தோடு கீழே விழ என்னையே பார்த்தார்.

வார்த்தையைச் சரியாகத்தான் சொன்னேன், அக்கா. அவளுக்குச் சரியாகத்தான் புரிந்தது.